ஒரே காம்போனென்ட்டை எத்தனை முறை உருவாக்குவது?

கேள்வி: கோல்ட்ஃபியூஷன் என்ற வலை நிரல்மொழியில் எழுதிய பழைய தளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். பக்கம், இன்க்ளூட், கஸ்டம் டேக் என்று எல்லா இடத்திலும் ஒரே பயனர் காம்போனென்ட்டை (தொடர்புள்ள ஃபங்க்ஷன்களைச் சேர்த்து வைத்த கோப்பு) கிரியேட்ஆப்ஜெக்ட் போட்டு உருவாக்கியிருக்கிறார்கள். ஒருமுறை உருவாக்கி, ஒரு பக்கக் கோரிக்கை முடியும்வரை மட்டும் இருக்கும் ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் வைத்தால் சரியா? இல்லை, எல்லா ரிக்வெஸ்ட்களும் பகிர்ந்துகொள்ளும் அப்ளிகேஷன் ஸ்கோப்பா?

பதில்: அந்தக் காம்போனென்ட் தனக்குள் எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இப்போது வந்திருக்கும் பயனரின் பெயர், உரிமைகள் மாதிரி எதையாவது வைத்திருந்தால் ரிக்வெஸ்ட் ஸ்கோப்தான் சரி. பக்கத்தின் வேரியபிள்ஸ் ஸ்கோப்பில் வைத்தது கஸ்டம் டேக்குக்குள் நேரடியாகத் தெரியாது, ரிக்வெஸ்டில் வைத்ததோ அந்த ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை எல்லா இடத்திலும் தெரியும், அதோடு காம்போனென்ட்டை இன்னொரு பெயரில் வைத்தாலும் நகல் எடுக்காமல் ரெஃபரன்ஸ் மட்டும்தான் போகும் என்பதால் நினைவகமும் வீணாகாது. ஒவ்வொரு ரிக்வெஸ்டின் தொடக்கத்திலும் ஓடும் ஆன்ரிக்வெஸ்ட்ஸ்டார்ட்டில் உருவாக்குங்கள், சில பக்கங்களுக்கு மட்டும்தான் தேவை என்றால், ஏற்கெனவே இருக்கிறதா என்று ஸ்ட்ரக்ட்கீஎக்ஸிஸ்ட்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உருவாக்கலாம்.

வெறுமனே டேட்டாபேஸில் கேட்டுப் பதில் தருகிற காம்போனென்ட் என்றால் அப்ளிகேஷன் தொடங்கும்போது ஓடும் ஆன்அப்ளிகேஷன்ஸ்டார்ட்டில் ஒரே தடவை உருவாக்கினால் போதும். ஆனால் இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். ஃபங்க்ஷனுக்குள் ஒரு வேரியபிளுக்கு வார் (இது இந்த ஃபங்க்ஷனுக்குள் மட்டும் என்று சொல்லும் சொல்) போட மறந்தால் அது காம்போனென்ட்டின் வேரியபிள்ஸ் ஸ்கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒரே நேரத்தில் இரண்டு ரிக்வெஸ்ட்கள் அந்த ஃபங்க்ஷனுக்குள் வந்தால் ஒருவருடைய விவரம் இன்னொருவர் திரையில் தெரியக்கூடும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இந்தப் பிழை கண்ணில் படவே படாது, கூட்டம் வந்த பிறகுதான் தெரியும். பழைய தளம் என்கிறீர்கள், அதனால் கிரியேட்ஆப்ஜெக்டில் கை வைக்கும் முன் ஒவ்வொரு ஃபங்க்ஷனையும் திறந்து, லூப் எண்ணிக்கை, குவெரி பெயர் உட்பட எல்லாவற்றுக்கும் வார் அல்லது, கோல்ட்ஃபியூஷன் 9 முதல் இருக்கும் லோக்கல் ஸ்கோப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், காம்போனென்ட்டுக்கு உள்ளேயிருந்து ரிக்வெஸ்ட் ஸ்கோப்பை நேரடியாகப் படிக்காதீர்கள். வேண்டியதை ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள். இல்லையென்றால் வேறு இடத்தில் அதே காம்போனென்ட்டைக் கூப்பிடும்போது அது எதை எதிர்பார்க்கிறது என்று தேடியே நேரம் போய்விடும்.

அப்ளிகேஷன் ஸ்கோப்புக்கு மாற்றிய பிறகு, கோடைத் திருத்தியும் பழையபடியே ஓடுகிறதே என்று குழம்பாதீர்கள். நினைவகத்தில் இருப்பது பழைய இன்ஸ்டன்ஸ், அதாவது திருத்தும் முன் உருவாக்கிய காம்போனென்ட். அப்ளிகேஷன்ஸ்டாப் கொடுங்கள், அடுத்த ரிக்வெஸ்டில் புதிதாக உருவாகிவிடும்.