கிழித்த நோட்டுக்கு ஒரு பதில்

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் படகும் மீனும்தான். கோபத்தில் ஒரு நோட்டைக் கிழித்துவிட்டேன். பெரியவனானதும் பாம்பனில் ஓவிய கேலரி வைப்பானாம். விசைப்படகை நம்பிக் குடும்பம் நடத்துகிறேன். படம் சோறு போடுமா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: மாதச் சம்பளக்காரர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும் படகைக் கரையில் நிறுத்தியிருப்பவர் நீங்கள். மற்ற நாளில் மட்டும் டீசல் போட்ட காசுக்கு மீன் படும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

சரி, கேலரிக்கு வருவோம். படம் வரைவது ஒரு தொழில், கேலரி நடத்துவது இன்னொரு தொழில். பின்னது கடை, ஐயா. வாடகை, கரண்ட் பில், ஃபிரேம், வருகிறவரிடம் பேசும் பேச்சு, அடுத்தவர் படத்தை விற்று அவர் காசை ஒழுங்காகக் கொடுப்பது. விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கேலரி எடுத்துக்கொள்வது வழக்கம். இவ்வளவா என்று ஓவியர்கள் முறைப்பார்கள். தானே கேலரி வைத்துப் பார்த்தவர் முறைப்பதில்லை. உங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. தாள் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும், ஃபிரேம் ஆணி துருவேறும். ராமேஸ்வரம் போகிற கூட்டம் பாம்பனில் பாலத்தைப் பார்க்கத்தான் நிற்கும். சங்கும் பாசிமணியும் வாங்குகிற கையை ஓவியத்தின் பக்கம் திருப்புவது தனி வித்தை.

நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அதுவும் கடற்கரைதான், அதே உப்புக்காற்றுதான். படம் விற்கும்வரை பட்டினி கிடப்போம் என்று அவர்கள் சபதம் எடுக்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், அந்தக் காசில் இடம் வாங்கினார்கள்.

பையன் ப்ளஸ் டூ முடிக்கட்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. கணக்கை விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கேலரிக்காரன் தூரிகையைவிட அதிக நேரம் கணக்கு நோட்டைத்தான் பிடித்திருப்பான்.

அதற்கு முன்னால் ஒருநாள் ராமநாதபுரம் அரண்மனைக்கு, ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப் போங்கள். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள். வயது சுமார் 300. ராமாயணமும் இருக்கிறது, தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டையும் இருக்கிறது. அரண்மனை ஸ்டாப்பில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்? நீங்கள் போயிருக்கிறீர்களா?

அப்புறம், கிழித்த நோட்டுக்குப் பதிலாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், கோடு போடாததாக. உங்கள் படகையே அதில் வரையச் சொல்லி, காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் பேரம் பேசுவீர்கள், அவனும் பழகட்டும்.