சல்சாவுக்குக் கண்திட்டம் உதவாது

கேள்வி: டென்வரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கொல்லையில் நான்கு தக்காளிச் செடி, ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து கூடை கூடையாகப் பழம். சல்சா, அதாவது தக்காளி, வெங்காயம், மிளகாய் போட்ட மெக்சிகோ நாட்டுச் சட்னி, செய்து ஜாடியில் அடைக்கலாம் என்கிறாள் மருமகள். எலுமிச்சைச் சாற்றை மட்டும் கப் கணக்கில் ஊற்றச் சொல்கிறாள். அதைக் குறைத்துவிட்டு, தொக்குக்குச் செய்கிற மாதிரி மேலே நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினால் கெடாமல் இருக்காதா?

- ஒரு வாசகி

பதில்: எண்ணெய்ச் சட்டியை முதலில் இறக்கி வையுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் மருமகள் பக்கம்தான் நான்.

தொக்கு நிற்பது மேலே மிதக்கிற எண்ணெயால் மட்டும் இல்லை. புளி, உப்பு, நீர் வற்றும்வரை கை வலிக்கக் கிளறுவது, எல்லாம் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகின்றன. சல்சாவில் தக்காளி நீர் அப்படியே இருக்கிறது. போதாததற்கு வெங்காயம், மிளகாய்; இரண்டிலும் புளிப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதன்மேல் எண்ணெய் ஊற்றினால் காற்று அடைபடும், அவ்வளவுதான். காற்றும் இல்லாமல் புளிப்பும் குறைந்த இடம்தான் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு வேண்டியது. வாசனையோ ருசியோ மாறாமலேகூட அந்த நஞ்சு இருக்கும் என்பதால் முகர்ந்து பார்த்துத் தப்பிக்க முடியாது. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஹெச் என்று பெயர்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. தக்காளியோ அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிற பழம். சில ரகம் கோட்டைத் தாண்டியும் விடும். அதற்காகத்தான் அவ்வளவு சாறு.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. அவர்கள் சோதித்துச் சொன்ன அளவு ஒன்று: தோலும் விதையும் நீக்கி நறுக்கிய தக்காளி 6 கப், வெங்காயமும் மிளகாயும் சேர்த்து 9 கப், கடையில் விற்கிற பாட்டில் எலுமிச்சைச் சாறு ஒன்றரை கப், உப்பு 3 டீஸ்பூன். பழத்தைப் பிழிந்தால் ஒன்று புளிக்கும், ஒன்று சப்பென்றிருக்கும். பாட்டில் சாறு என்றால் புளிப்பு ஒரே சீராக இருக்கும். எல்லாவற்றையும் கொதிக்கவிட்டு, இன்னும் 3 நிமிடம் சிறு தீயில் வைத்து, சூடான பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) ஜாடிகளில் அரை அங்குலம் இடம் விட்டு நிரப்ப வேண்டும். மூடிய ஜாடிகள் முழுக முழுகத் தண்ணீர் இருக்கும் பானையில் கொதிக்க வேண்டும். கடல் மட்டத்தில் 15 நிமிடம் போதும். நீங்கள் இருப்பது 5,280 அடி உயரத்தில். 20 நிமிடம் வையுங்கள். கொடைக்கானலில் பருப்பு வேக நேரமாகுமே, அதே கதைதான். அங்கே தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

நானும் உங்களைப் போலத்தான். நாற்பது வருடம் கண்திட்டமாகச் சமைத்த கை. மகள் வீட்டில் முதல் தடவை செய்தபோது புளிப்பு தூக்கலாக இருக்கிறதே என்று சாற்றைப் பாதியாக்கி, இரண்டு கைப்பிடி வெங்காயமும் ஒரு முழுப் பூண்டும் சேர்த்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆறு ஜாடியையும் தூக்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். ஒரு வாரம் காலையும் இரவும் தோசைக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. மாப்பிள்ளை பாவம், நன்றாக இருக்கிறது என்றே கடைசிவரை சொன்னார்.

புளிப்பு அதிகம் என்றால் கொஞ்சம் சர்க்கரை போடுங்கள், சாற்றில் கை வைக்காதீர்கள். சீரகப் பொடி உங்கள் இஷ்டம். கொத்தமல்லித் தழையை ஜாடி திறக்கும் அன்று தூவினால் போதும், மணமும் அப்போதுதான் இருக்கும். இத்தனை கெடுபிடி வேண்டாம் என்று தோன்றினால் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உருகியபின் கொஞ்சம் நீர்க்கும், ஆபத்தில்லை.

கேள்வி: பனி விழுந்து செடி கருகிவிட்டால் அதில் நிற்கும் பழங்களை அடைக்கலாமா?

- அதே வாசகி

பதில்: கூடாது. கருகிய செடியின் பழத்தில் புளிப்பு குறைந்துவிடும். பனி வரும் என்று செய்தியில் சொன்ன அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். நிறம் திரும்பியவை சமையலறை மேடையிலேயே பழுக்கும். பச்சைக் காயைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள், மகனுக்கு ஊர் ஞாபகம் வரும்.