பிராகில் பணம் மாற்றப் போகிறீர்களா?

கேள்வி: நானும் கணவரும் 8, 13 வயதுப் பிள்ளைகளுடன் சென்னையிலிருந்து மூன்று நாள் பயணமாக பிராக் போகிறோம். கையில் 500 யூரோ இருக்கிறது. பணம் மாற்றும் கடைகளில் ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கே, எவ்வளவு மாற்றுவது?

பதில்: அந்த 500 யூரோவில் பெரும்பகுதியை மாற்றவே வேண்டாம். பிராகைத் தலைநகராகக் கொண்ட செக் குடியரசு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டாலும் அங்கே புழங்கும் பணம் இன்னும் கொருனாதான். ஆனால் டிராம் டிக்கெட்டிலிருந்து கோட்டை நுழைவுச் சீட்டு வரை அட்டையிலேயே முடிந்துவிடும். கழிப்பறை, சந்தைக் கடை, அட்டை வாங்காத சின்ன உணவகம் ஆகியவற்றுக்குத்தான் ரொக்கம் வேண்டும். நால்வருக்கு மூன்று நாளைக்கு 2,000 கொருனா தாராளம்.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அட்டைக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். 2020 முதல் நம் வங்கிகள் புது அட்டைகளை உள்நாட்டுக்கு மட்டும் திறந்து கொடுக்கின்றன. இதை மறந்துவிட்டு, விமான நிலையத்தில் இறங்கியதும் அட்டை வேலை செய்யவில்லை என்று பதறி, எதிரே தெரியும் கவுண்டரில் 300 யூரோவை நீட்டுபவர்கள் நிறைய. அங்கே மாற்ற எந்த அவசியமும் இல்லை. 59ஆம் எண் டிராலிபஸ் ஏறினால் நாத்ராஷி வெலஸ்லவீன் மெட்ரோ நிலையம். அங்கிருந்து பச்சைத் தடத்தில் பழைய நகரம். டிக்கெட்டை இயந்திரத்தில் அட்டை காட்டி வாங்கலாம். பிள்ளைகள் இருவருக்கும் பயணம் இலவசம். பெரிய பிள்ளைக்கு மட்டும் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அட்டை தேய்க்கும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: கொருனாவில் கழிக்கவா, ரூபாயில் கழிக்கவா? எப்போதும் கொருனா. ரூபாயைத் தொட்டால் அந்த இயந்திரக்காரன் வைத்த விலையில் கணக்குப் போய்விடும். பணியாளர் தானே அழுத்திக் கொடுத்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரொக்கத்துக்கு வங்கிக் கிளையின் சுவரிலேயே இருக்கும் ஏடிஎம்மை நாடுங்கள். பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி நினைவுப்பொருள் கடை வாசல்களில் நிற்கும் தனி இயந்திரங்கள் வங்கியுடையவை அல்ல. அவை முதலில் பெரிய தொகைகளையே காட்டும், கட்டணமும் தனி. வங்கி இயந்திரத்திலும் 2,000 கேட்காமல் 1,900 கேளுங்கள். ஒற்றை 2,000 தாள் வந்தால் கழிப்பறை வாசலில் யார் சில்லறை தருவார்கள்?

இனி நீங்கள் அஞ்சும் கடைகள். நாணயச் சந்தையில் ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா கிடைக்கும் காலத்திலும் 18 கொடுக்கும் கடை நடுநகரில் இருக்கலாம். 200 யூரோ மாற்றினால் 1,200 கொருனாவுக்கு மேல் போச்சு. பலகையில் எழுதியதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பெரிதாகத் தெரியும் எண் அவர்கள் யூரோ விற்கும் விலையாக இருக்கலாம். பணத்தை நீட்டும் முன் ஒரே கேள்வி: “100 யூரோ கொடுத்தால் என் கையில் எத்தனை கொருனா?” எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 2,300க்குக் கீழே என்றால் நடையைக் கட்டுங்கள்.

ஏமாந்தே விட்டீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. பயணிகளில் பலருக்கு இது தெரியாது. 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மாற்றிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. ரசீதும் வாங்கிய கொருனா முழுவதும் கையில் இருக்க வேண்டும். அதில் ஐஸ்கிரீம் வாங்கிவிட்டால் தகராறுதான். 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றியதற்கே இந்த உரிமை. இரண்டு குடும்பம் சேர்ந்து போய், ஒரே ரசீதில் 1,200 யூரோ மாற்றினால் இருவருக்கும் உரிமை போயிற்று, தனித்தனியாக மாற்றுங்கள். ரசீதில் நேரம் இருக்கிறதா என்று ஜன்னலை விட்டு நகரும் முன் பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் செக் தேசிய வங்கியில் புகார் செய்வேன் என்று சொல்லுங்கள். இக்கடைகளைக் கண்காணிப்பது அதுதான். கொள்ளை நடப்பது தெரிந்துதான் இந்தச் சட்டமே வந்தது. அப்படியிருந்தும் விலைக்கு ஒரு வரம்பு வைக்காமல், பிள்ளையைக் கையில் பிடித்தபடி திரும்பி ஓடி வரும் வேலையைப் பயணியின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தெருவில் வந்து “நல்ல விலை, கமிஷன் இல்லை” என்பவனிடம் ரசீது கிடையாது, அதனால் ரத்தும் கிடையாது. அவன் நீட்டுவது செல்லாத பெலாரஸ் ரூபிளாகவோ, மதிப்புக் குறைந்த ஹங்கேரி ஃபோரிண்டாகவோ இருக்கலாம். சுழியங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். செக் தாளிலேயே பழைய ரகம் ஒன்று உண்டு: வெள்ளி இழை மெலிதாக இருப்பவை 2022 ஜூலை முதல் கடைகளில் செல்லாது.

சதுக்கத்துக் கடைகளில் சுடச்சுட வெட்டித் தரும் பன்றித் தொடைக் கறிக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. கேட்காமல் விட்டால் 300, 400 கிராம் வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். வெட்டிய பின் திருப்ப முடியாது. எடையை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

மிச்சமாகும் கொருனா நாணயத்தைச் சென்னையில் யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் பல்பொருள் அங்காடியில் சில்லறையை எண்ணிக் கொடுத்து, குறையும் தொகையை மட்டும் அட்டையில் கட்டுங்கள்.