குழந்தையின் இதயத்தில் ஓட்டை: கிரகணமா காரணம்?

கேள்வி: என் தங்கச்சியின் குழந்தைக்கு மூன்று மாதம். இதயத்தின் கீழறைச் சுவரில் சிறிய ஓட்டை இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். ஆறாம் மாதத்தில் கிரகணத்தன்று இவள் முற்றத்தில் நின்றதுதான் காரணம் என்று மாமியார் வீட்டில் பேச்சு. அவள் அழுதபடியே இருக்கிறாள். இதயம் எப்படித்தான் உருவாகிறது, சேர்?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், தங்கச்சியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: கிரகணத்துக்கும் இந்த ஓட்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதய அறைகளைப் பிரிக்கும் சுவர் வேலை, கருத்தரித்த எட்டாம் கிழமைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆறாம் மாதத்துக்கு அங்கே என்ன வேலை?

இதயம் கட்டி முடிந்தபிறகு துடிக்கத் தொடங்குவதில்லை. கட்டப்படும்போதே துடிக்கிறது. கருத்தரித்து ஏறத்தாழ 22ஆம் நாள் முதல் துடிப்பு. மாதவிடாய் ஒரு கிழமை பிந்திவிட்டதே என்று தாய் யோசிக்கிற நேரம் அது. அப்போது இதயம் வெறும் குழாய். முளையத்தின், அதாவது தொடக்கநிலைக் கருவின், இரு பக்கமும் இருந்த கலங்கள் (செல்கள்) நடுவை நோக்கி நகர்ந்து வந்து சேர்ந்ததால் உண்டான குழாய். அந்த நகர்வு தடைப்பட்ட மீன் முளையங்களில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இதயங்கள் தனித்தனியே துடிக்கும்!

அப்புறம் குழாயின் இரு முனைகளிலும் புதிய கலங்கள் வந்து ஒட்டுகின்றன. இரத்தம் வெளியேறும் முனையில் இப்படி ஒட்டுவதை 2001இல்தான் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். முனைகள் அசையாமல் நிற்க, குழாயோ நீண்டுகொண்டே போகிறது. வளையாமல் என்ன செய்யும்? வலப்பக்கமாக வளைகிறது.

படிப்பித்த காலத்தில் ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன். மூன்று நாள் அடைவைத்த கோழி முட்டையை இளஞ்சூட்டு உப்பு நீரில் மெதுவாக உடைத்தால், மஞ்சட்கருவின் மேல் அரிசியிலும் சின்னதாக ஒரு சிவப்பு வளைவு துடிக்கும். சத்தம் போடுகிற வகுப்பும் அடங்கிவிடும். அரிஸ்டோட்டிலும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, ஓட்டைக்கு வருவோம். கீழறைச் சுவர் கீழிருந்து எழும்புகிறது. மேலே மிஞ்சும் இடைவெளியை வேறு கலங்கள் வந்து மூட வேண்டும். குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருந்த கலங்கள் பிடியை விட்டு உள்ளே இறங்கித் திண்டுகளாகின்றன; வால்வுகளும் அவற்றிலிருந்துதான். பிடரிப் பக்கமிருந்தும் சில கலங்கள் பயணப்பட்டு வந்து, இதயத்திலிருந்து வெளியேறும் ஒற்றைக் குழாயைப் பெருநாடி, சுவாசப்பை நாடி என இரண்டாகப் பிரிக்கின்றன. 1983இல் மார்கரெட் கிர்பி என்ற ஆய்வாளரின் குழுவினர் கோழி முளையங்களில் அந்தப் பிடரிக் கலங்களை அகற்றிப் பார்த்தார்கள். குழாய் பிரியவே இல்லை.

இத்தனை கலங்களும் நேரத்துக்கு, இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஏதோ ஓரிடத்தில் போதாமல் போனால் ஓட்டை. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கிறது. பெரும்பாலும் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. தாயைக் குற்றம் சொல்வது அநியாயம்.

கீழறைச் சுவரின் சிறிய ஓட்டைகளில் பல தானாகவே மூடிவிடும். ஆனாலும் கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம். பால் குடிக்கும்போது பிள்ளை களைத்தால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், நிறை கூடாவிட்டால் திகதிவரை காத்திராமல் உடனே காட்டுங்கள். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது, கர்ப்பத்துக்கு முன்பே ருபெல்லா ஊசி போட்டதா என்று பார்த்து, சீனி வருத்தம் இருந்தால் கட்டுப்படுத்தி, போலிக் அமிலக் குளிசையும் தொடங்கச் சொல்லுங்கள்.