குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. மனைவி எதிலும் ஒட்டாமல் இருக்கிறாள். தானாகச் சரியாகிவிடுமா? இதை அளந்து பார்க்க வழி உண்டா?

ஐந்து வாரம் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவதும், சின்னச் சொல்லுக்குக் கண் கலங்குவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு நாளில் அது வடிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம்; ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடக் கூடாது.

அளக்க வழி உண்டு. எடின்பரோ அளவுகோல் என்று பெயர். மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்டது. பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள் மனசு எப்படி இருந்தது என்பதை மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக மொத்தம் 30. நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.

பசி, எடை, அசதி பற்றி இதில் கேள்வியே கிடையாது. ராத்திரி நாலு தடவை பால் கொடுக்க எழுந்திருப்பவரிடம் ‘களைப்பாக இருக்கிறதா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பொதுவான மனச்சோர்வுப் படிவங்கள் பிள்ளை பெற்றவர்களுக்கு மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டிவிடுவது இதனால்தான். தூக்கத்துக்கு ஒரே கேள்வி, ஏழாவது. மனம் நொந்துபோனதால் தூக்கம் வராமல் தவித்தீர்களா என்கிறது. ‘பாப்பா தூங்க விடமாட்டேங்குது’ என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது, அப்போதும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாரா? அதுதான் கணக்கு.

கூட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் தலைகீழ்: முதல் விடைக்கு 3, கடைசி விடைக்கு 0. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் மேலிருந்தே எண்ணினால், நன்றாக இருப்பவருக்கு 0க்குப் பதில் 21 வரும். எல்லாக் கேள்வியிலும் மிக மோசமான விடையைக் குறித்தவருக்கு 30க்குப் பதில் வெறும் 9 வரும்.

அந்த 9 தமிழில் முக்கியமான எண். ஆங்கில மூலத்தில் 13 வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ் வடிவத்தை வேலூரில் சரிபார்த்து 2005இல் வெளியிட்டபோது கோடு 8க்கும் 9க்கும் நடுவில் விழுந்தது. ஆகவே 9, 10 வந்தாலே மருத்துவரிடம் பேச வேண்டும். எண் மட்டுமே நோயை உறுதி செய்யாது; அது சல்லடை, அவ்வளவுதான். ரத்தசோகையும் தைராய்டும் இதே வேஷம் போடும் என்பதால் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டருகே நின்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

பத்தாவது கேள்வி மட்டும் கூட்டலுக்கு அப்பாற்பட்டது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அது. அங்கே 0 தவிர எது வந்தாலும், மொத்தம் 4 ஆகவே இருந்தாலும், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸுக்கு 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

படிவத்தை அவரே தனியாக நிரப்பட்டும். மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, நர்ஸ் சத்தமாக வாசிக்க, அம்மா குறுக்கே புகுந்து ‘அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா’ என்றால், வருகிற எண் அம்மாவுடையது. நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். அடுத்த வாரம் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போவீர்கள் அல்லவா, அங்கேயே கேட்டு வாங்கி நிரப்பலாம்.

இந்த அளவுகோலில் சிக்காத ஒன்றும் உண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று வரும். இரண்டு மூன்று ராத்திரி தூங்காமலே சுறுசுறுப்பு, கோர்வையில்லாத பேச்சு, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வருகிற, பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோய் இது. காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைப்பது இதில்தான். படிவமெல்லாம் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஆறாவது வாரம் எண் குறைவாக வந்தாலும், தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கிளம்பி வந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள். கைக்கு உதவி இல்லாதது, மாமியாரோடு உரசல், பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது ஆகியவை மனச்சோர்வோடு சேர்ந்து வருவதை வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வே காட்டியிருக்கிறது. வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் குழந்தையை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருந்த வீட்டில் 5 வந்தவருக்கு, அந்த ஆள் இல்லாத வீட்டிலும் 5 வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.