கட்சி இல்லாமல் ஆளுநரானவர்

கே: மெக்சிகோவில் 'எல் புரோங்கோ' என்ற பட்டப்பெயருடன் ஒருவர் சுயேச்சையாக ஆளுநர் ஆனாராமே, யார் அவர்?

ப: ஹைமே ரோட்ரிகஸ் கால்தெரோன். வடக்கே நூவோ லியோன் மாநிலத்துக்காரர், வேளாண் பொறியியல் படித்தவர். சுயேச்சை என்றதும் அரசியலுக்குப் புதியவர் என்று நினைத்துவிட வேண்டாம். பி.ஆர்.ஐ. (நிறுவனப் புரட்சிக் கட்சி) கட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். மான்டெர்ரே நகரை ஒட்டிய கார்சியாவில் 2009 முதல் 2012 வரை மேயர். போதைக் கும்பல்களை எதிர்த்ததால் இரண்டு முறை அவரைக் கொல்ல முயன்றார்கள். குண்டு துளைக்காத வண்டியால் உயிர் தப்பினார். மாநிலம் முழுக்க அவர் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

2014-இல் கட்சியை விட்டு விலகினார். நேரமும் கைகொடுத்தது. சுயேச்சைகள் போட்டியிட இடம் தரும் அரசியல் சட்டத் திருத்தம் 2012-இல்தான் வந்திருந்தது. மாநில வாக்காளர்களில் 3 சதவீதம் பேரின் ஆதரவுக் கையொப்பம், அதாவது ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம், தேவைப்பட்டது. அதைத் திரட்டிவிட்டார். கட்சிகளுக்குக் கிடைக்கும் அரசுப் பணத்தில் சிறு துளிதான் அவருக்குக் கிடைத்தது என்பதால் பிரசாரம் பெரும்பாலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நடந்தது. கடைசி நேரத்தில் இன்னொரு வேட்பாளர் ஃபெர்னான்டோ எலிசோண்டோ விலகி அவரை ஆதரித்தார். 2015 ஜூன் 7 தேர்தலில் கிட்டத்தட்ட 49 சதவீத வாக்கு. இரண்டாவதாக வந்த பி.ஆர்.ஐ. வேட்பாளருக்கு அதில் பாதிதான். அங்கே ஆளுநர் தேர்தல் ஒரே சுற்று. முதலில் வருபவர் வெற்றி.

கே: அவ்வளவு பெரிய வெற்றி பெற்றவர் சொன்னதைச் செய்தாரா?

ப: பெரும்பாலும் இல்லை. ஆளுநருக்குத் துறைச் செயலாளர்களை நியமிக்கவும் மாநிலக் காவல்துறையை நடத்தவும் அதிகாரம் உண்டு. ஆனால் வரவு செலவுத் திட்டத்துக்கு மாநிலக் காங்கிரஸ், அதாவது மாநிலச் சட்டமன்றம், ஒப்புதல் தர வேண்டும். அங்கே பி.ஏ.என். (தேசியச் செயல் கட்சி), பி.ஆர்.ஐ. கட்சிகள் வலுவாக இருந்தன. அவருக்கென்று ஒரு அணி கிடையாது. ஒவ்வொரு மசோதாவுக்கும் எதிரிகளிடம்தான் பேரம் பேச வேண்டும். முந்தைய ஆளுநர் ரோட்ரிகோ மெதினாவைச் சிறைக்கு அனுப்புவேன் என்பது முக்கிய வாக்குறுதி. 2017 ஜனவரியில் மெதினா சிறைக்குள் போனார். ஒரு நாள் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். 2016 பிப்ரவரியில் டோப்போ சிக்கோ சிறைக் கலவரத்தில் 49 கைதிகள் இறந்தார்கள். பதவியேற்று நான்கே மாதத்தில் வந்த அந்தச் சம்பவத்தின் சுமையை அவரால் இறக்கி வைக்கவே முடியவில்லை.

கே: ஆளுநராக இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றார். அந்தக் கையொப்பச் சிக்கல்தான் என்ன?

ப: பதவியில் இருந்துகொண்டே நிற்கவில்லை, விடுப்பு எடுத்தார். 2018 ஜனவரியில் அரசுப் பொதுச் செயலாளர் மனுவேல் கொன்சாலஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

அதிபர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்க 120 நாட்களுக்குள் 8,66,593 ஆதரவுகள் வேண்டும். மொத்தம் போதாது, 32 மாநிலங்களில் குறைந்தது 17-இல் தலா 1 சதவீதம் இருக்க வேண்டும். தேர்தல் ஆணையமான ஐ.என்.இ. இதற்கென ஒரு கைப்பேசிச் செயலி தந்தது. வேட்பாளரின் உதவியாளர் வாக்காளர் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும், வாக்காளர் திரையில் கையெழுத்திட வேண்டும். அசல் அட்டையைத்தான் படமெடுக்க வேண்டும் என்பது விதி. தவறு நடந்தது அங்கேதான். நகல் தாளைப் படமெடுத்தவை, போலி அட்டை வார்ப்பில் விவரங்களை ஏற்றியவை, ஒரே ஆள் பல முறை வந்தவை என்று குவிந்தன. இவர் தரப்பு அனுப்பியது 20 லட்சத்துக்கும் மேல். தேறியது சுமார் எட்டரை லட்சம். 16,000 சொச்சம் குறைவு என்று ஐ.என்.இ. நிராகரித்தது. ஏப்ரல் 9-ஆம் தேதி தேர்தல் நீதிமன்றம், தன் தரப்பைச் சொல்ல அவருக்கு உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்று கூறி 4-க்கு 3 என்ற கணக்கில் அவரை வாக்குச்சீட்டில் சேர்த்தது. அந்தத் தீர்ப்பு சரியல்ல என்றே நமக்குப் படுகிறது. வாய்ப்பு தரப்படவில்லை என்றால் மறு சரிபார்ப்புக்கு அனுப்பியிருக்கலாம். நேரே வேட்பாளர் ஆக்கியிருக்கத் தேவையில்லை.

முதல் விவாதத்திலேயே திருடுகிறவர்களின் கையை வெட்ட வேண்டும் என்றார். ஜூலை 1-இல் கிடைத்தது 5.23 சதவீத வாக்கு. மறுநாளே ஆளுநர் நாற்காலிக்குத் திரும்பினார்.

விவகாரம் அதோடு முடியவில்லை. மாநில அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் கையொப்பம் திரட்டியது விதிமீறல் என்று தேர்தல் நீதிமன்றம் கண்டது. ஆளுநருக்கு மேலதிகாரி இல்லாததால் தண்டனையை மாநிலக் காங்கிரஸ் தீர்மானிக்க வேண்டும் என்றது. அரசு வளங்களைக் கையொப்பம் திரட்டத் திருப்பிவிட்டதாகக் குற்றம் சாட்டி, பதவிக்காலம் முடிந்தபின் 2022 மார்ச் 15-இல் அவரைக் கைது செய்து அப்போதாக்கா சிறையில் அடைத்தார்கள். கைதை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று எழுதிவிடக் கூடாது.

கே: அடுத்த ஆளுநர் சாமுவேல் கார்சியாவும் விடுப்பு எடுக்கப் பார்த்தாரே?

ப: ஆமாம், 2023 கடைசியில், அதிபர் தேர்தலில் நிற்பதற்காக. ஆனால் இடைக்கால ஆளுநரை நியமிப்பது காங்கிரஸின் கையில். பி.ஆர்.ஐ., பி.ஏ.என். கட்சிகளுக்கு அங்கே பெரும்பான்மை இருந்ததால் தங்களுக்குப் பிடித்தவரை நியமித்தன. மாநிலமே கைவிட்டுப் போகும் என்று கண்ட கார்சியா டிசம்பர் தொடக்கத்தில் அதிபர் வேட்பாளர் ஆசையை விட்டுவிட்டுத் திரும்பினார். விடுப்புக் கடிதம் கொடுக்குமுன் காங்கிரஸில் தலைகளை எண்ணாதவர்களுக்கு நேர்வது இது.

கே: எல் புரோங்கோ மீண்டும் ஆளுநராக வர முடியுமா?

ப: முடியாது. மெக்சிகோ அரசியல் சட்டம் 116-ஆம் பிரிவின்படி ஆளுநர் பதவிக்காலம் அதிகபட்சம் 6 ஆண்டு. மக்கள் வாக்கால் அந்தப் பதவிக்கு வந்தவர் இடைக்கால ஆளுநராகவோ பொறுப்பு ஆளுநராகவோ கூட அதற்குத் திரும்ப முடியாது. மேயர், செனட்டர் பதவிகளுக்கு இந்தத் தடை இல்லை.