வாய்ஸ்மெயில் வசதியா, கட் ஆகாத லைனா? இன்டர்நெட் போன் கேள்வி-பதில்

கே: ரெண்டு கம்பெனி பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணுல வாய்ஸ்மெயில் எழுத்தா மாறி ஈமெயில்ல வரும், ஆளுக்கு ஒரு கிரீட்டிங் வைக்கலாம். இன்னொண்ணுல சாதா வாய்ஸ்மெயில், ஆனா லைன் நல்லா நிக்குதாம். எதை எடுக்கலாம்?

ப: ரெண்டாவதை எடுங்க. பேசிட்டிருக்கும்போதே பாதி வார்த்தை காணாம போச்சுன்னா கிரீட்டிங் எவ்ளோ அழகா இருந்து என்ன பிரயோஜனம். ஆனா 'நல்லா நிக்குதாம்'னு யார் சொன்னாங்க? கம்பெனியே சொல்லியிருந்தா வருஷத்துல எத்தனை சதவீத நேரம் சர்வீஸ் ஓடும்னு கேளுங்க. 99.9னு போட்டிருப்பாங்க, கேட்க பிரமாதமா இருக்கும், கணக்கு போட்டா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 மணி நேரம் 45 நிமிஷம் சர்வீஸ் படுத்துக்கலாம். 99.99னா 53 நிமிஷத்துக்குள்ள. அதுவும் அவங்க சர்வர் கணக்குதான், உங்க வீட்டு நெட் போனா அதுக்கு அவங்க பொறுப்பில்ல.

கே: நெட் போயிட்டா வாய்ஸ்மெயிலும் போயிடுமா?

ப: போகாது. நிறைய பேர் இதை கவனிக்கறதே இல்ல. மெசேஜ் சேர்றது பொதுவா கம்பெனி சர்வர்ல, அதனால கரண்ட் போய் ரூட்டர் அணைஞ்சு கிடந்தாலும் கூப்பிடறவருக்கு கிரீட்டிங் கேக்கும், மெசேஜும் விடலாம். வாய்ஸ்மெயில்ல நான் தேடறது இந்த நேரத்துக்கு உதவுற ரெண்டே விஷயம்தான்: ஆடியோ ஃபைல் ஈமெயிலுக்கு வரணும், போன் சர்வர்ல ரெஜிஸ்டர் ஆகாதப்போ, அதாவது 'நான் லைன்ல இருக்கேன்'னு பதிஞ்சு வைக்காதப்போ, கால் தானா மொபைலுக்குத் திரும்பணும். மத்ததெல்லாம் இருந்தா இருக்கட்டும். கனெக்‌ஷன் வந்ததும் ரூட்டரைப் பிடுங்கிட்டு வெளியிலேருந்து கூப்பிட்டு டெஸ்ட் பண்ணிடுங்க, ஒண்ணு உடனே, ஒண்ணு கொஞ்ச நேரம் கழிச்சு. ஏன்னா பழைய ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகற வரைக்கும் உங்க போன் உயிரோட இருக்குன்னே சர்வர் நினைச்சிட்டிருக்கும், அந்த இடைவெளியில வர்ற கால் என்ன ஆகுதுன்னும் தெரியணும்ல.

கே: கால் எடுத்து அரை நிமிஷத்துல கட் ஆகுது, எப்பவும் அதே நேரம்தான். கம்பெனியை மாத்திடவா?

ப: அவசரப்படாதீங்க. 32 செகண்டா பாருங்க. இன்டர்நெட் போன்ல காலை ஆரம்பிக்கவும் முடிக்கவும் பயன்படற எஸ்ஐபி முறையில, கால் எடுத்தாச்சுன்னு ஒரு பக்கம் சொன்னா மறுபக்கம் 'சரி, கிடைச்சுது'ன்னு ஒப்புதல் அனுப்பணும், அது வந்து சேரலைன்னா வழக்கமா 32 செகண்ட் பார்த்துட்டு காலை முடிச்சிடும். பெரும்பாலும் வழியில கெடுக்கறது உங்க ரூட்டர்தான். செட்டிங்ஸ்ல 'எஸ்ஐபி ஏஎல்ஜி'ன்னு ஒண்ணு இருக்கும், உதவி பண்றேன்னு வந்து பாக்கெட்டுல (நெட்ல போற சின்னச் சின்ன டேட்டா துண்டு) அட்ரஸை மாத்தி குழப்பி வைக்கும், அதை ஆஃப் பண்ணி பாருங்க. ஒரு பக்கம் மட்டும் குரல் கேக்கற கேஸுக்கும் முதல்ல இதான்.

கே: 100 எம்பிபிஎஸ் நெட், ஆனா வீட்ல யாராவது வீடியோ அப்லோட் பண்ணா குரல் விட்டு விட்டு வருது?

ப: ஸ்பீடு பிரச்சனை இல்ல. குரலை டேட்டாவா மாத்தற ஜி.711 கோடெக்ல ஒரு காலுக்கு ஒரு திசைக்கு செகண்டுக்கு 90 கிலோபிட் கூட வேணாம். அப்லோட் நிறைஞ்சு உங்க குரல் பாக்கெட் க்யூல மாட்டிக்குது, அதான். அப்லோட் ஓடும்போது பிங் (பாக்கெட் போயிட்டு வர ஆகற நேரத்தை அளக்கற டெஸ்ட்) போட்டு பாருங்க, எகிறுச்சுன்னா ரூட்டர்ல எந்த டேட்டா முதல்ல போகணும்னு சொல்ற க்யூஓஎஸ் செட்டிங்கை ஆன் பண்ணி போனுக்கு முதலிடம் குடுங்க. ஒருவழி தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கறது நல்லது, ரொம்ப தாண்டினா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிடுவீங்க.

கே: வாய்ஸ்மெயிலை எழுத்தாக்க மாசாமாசம் தனிக்காசு கேக்கறாங்க, குடுக்கலாமா?

ப: மீட்டிங்லயே குடியிருக்கறவரா இருந்தா குடுங்க. பேரும் நம்பரும்தான் அதிகமா தப்பா வரும், நமக்கு வேண்டியதும் அந்த ரெண்டுதான், அதனால ஆடியோவும் கூடவே வருதான்னு பாருங்க. மத்தவங்க அந்த காசுல ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிடலாம்.

கே: மொபைலும் சேர்ந்து அடிக்கற மாதிரி வெச்சேன், இப்ப மெசேஜ் எல்லாம் மொபைல் வாய்ஸ்மெயில்ல போய் விழுது.

ப: மொபைல் ஆஃப்ல இருந்தா அதோட வாய்ஸ்மெயில் உடனே எடுத்துடும், நீங்களே எடுத்துட்டீங்கன்னு சர்வர் நம்பிடும். '1 அழுத்தினாதான் கால் கனெக்ட் ஆகும்'ங்கற மாதிரி ஆப்ஷன் இருந்தா போடுங்க, இல்லைன்னா மொபைல் வாய்ஸ்மெயிலை ஆஃப் பண்ணிடுங்க.